தலைமடையும் கடைமடையும்

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவ நண்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில், கணினிகளை இணைக்கும் வலையமைப்பில் பங்கீடு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பற்றிச் சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறேன். பொருளின் பெயர் சற்று அச்சுறுத்தலாம். ஆயினும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வத்திராயிருப்பிலும் வாழ்கின்ற நமக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. நம் முன்னோர் வாய்க்காலில் கண்ட வழக்கே இன்று கம்பியிலும் கண்ணாடி இழையிலும் தோன்றியிருக்கிறது. கல்லூரியில் இந்தப் பாடத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் முதலில் மாணவர்களைப் பிளவக்கல்லுக்குத்தான் அழைத்துச் செல்வது வழக்கம். கால்நடையாக அன்று, கருத்தளவில்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே அமைந்திருக்கிறது பிளவக்கல். பெரியாறு, கோவிலாறு என்னும் பெயர்களில் இரண்டு நீர்த்தேக்கங்கள் அங்கே உள்ளன. பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை நினைத்துவிட வேண்டா. இது நம் மலையில் பிறந்து நம் பக்கத்துக் கண்மாய்களுக்கே வந்து சேரும் ஆறு. மழைக்காலத்தில் மலையில் விழும் நீர் இந்தத் தேக்கங்களில் நின்று, மதகின் வழியே வெளியேறி, வாய்க்காலில் ஓடிக் கண்மாய்களை அடைகிறது. ஒரு கண்மாய் நிரம்பியதும், மிகுந்த நீர் கலுங்கின் வழியாக வழிந்து அடுத்த கண்மாயை நோக்கிச் செல்கிறது. கண்மாயின் மடை திறந்தால் வயல்களுக்கு நீர் பாய்கிறது.

மடைக்கு அருகில் உள்ள வயலுக்குத் தலைமடை என்று பெயர்; நெடுந்தொலைவில் உள்ள வயலுக்குக் கடைமடை என்று பெயர். நல்ல மழை பெய்த ஆண்டில் இந்த வேறுபாட்டை எவரும் நினைப்பதில்லை. மழை அடியோடு பொய்த்த ஆண்டிலும் நினைப்பதில்லை. பங்கிடுவதற்கே ஒன்றும் இராது. நீர் இருந்தும் போதாத ஆண்டில்தான் வழக்கு எழுகிறது. தலைமடைக்காரர் தம் வரப்பு நிறையும் வரை வாய்க்காலை அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரரின் பயிர் கருகிவிடும். ஆகவேதான் ஊரார் முறை வைத்தனர். இன்னாருக்கு இத்தனை நாழிகை என்று வகுத்தனர். நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் ஒருவரை அமர்த்தி, மடையைத் திறக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. நீரைத் தேக்குவது பாதி வேலை, பங்கிடுவது மறு பாதி என்பதை நம்மவர் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர்.

இனி வலையமைப்புக்கு வருவோம். தொலைபேசியின் பழைய முறையில், நீங்கள் ஒருவரோடு பேசத் தொடங்கியதும் உங்கள் இருவருக்காக ஒரு பாதை ஒதுக்கப்பட்டது. நீங்கள் பேசினாலும் பேசாதிருந்தாலும் அப்பாதை உங்களுக்கே உரியது. கணினி வலையமைப்பு வேறு வழியில் நடக்கிறது. ஒரு கடிதமோ, படமோ, பாட்டோ எதுவாயினும் அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பெரிய அண்டாவோடு ஒருவரும் சென்னைக்கு அனுப்புவதில்லை. பொட்டலம் கட்டி, முகவரி ஒட்டி, எண்ணிட்டுத்தான் அனுப்புகிறார்கள். வலையமைப்பிலும் அப்படியே. ஒவ்வொரு பொட்டலமும் முகவரியைச் சுமந்துகொண்டு தனித்தனியே செல்கிறது. வழியில் ரௌட்டர் என்னும் கருவிகள் நிற்கின்றன. இவை பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து, இன்ன பாதையில் செல் என்று அனுப்பிவைக்கின்றன. நம் மடையில் நிற்கும் நீர்க்கட்டியின் வேலை இங்கே ரௌட்டருக்கு.

ஒரு பாதையில் நொடிக்கு எவ்வளவு தகவல் செல்லக்கூடும் என்பதைப் பொறியாளர்கள் பேண்ட்வித் என்று அழைக்கிறார்கள். நாம் அதைப் பாதையின் அகலம் என்று கொள்வோம். எல்லோருக்கும் பொதுவான பாதையில், அது கொள்ளக்கூடியதைவிட மிகுதியான பொட்டலங்கள் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அவை ரௌட்டரில் வரிசையாகக் காத்து நிற்கும். வரிசையும் நிறைந்துவிட்டால், பின்னர் வரும் பொட்டலங்கள் கீழே எறியப்படும். எறியப்பட்டதை அறிந்த கணினி அதனை மீண்டும் அனுப்பும். எல்லாக் கணினிகளும் இவ்வாறு மீண்டும் மீண்டும் அனுப்பத் தொடங்கினால் நெரிசல் மேலும் பெருகும்.

இது வெறும் கற்பனை அன்று. 1986-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதுவே நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே இருந்த தொலைவு 400 கெஜம். கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். அந்தப் பாதையில் நொடிக்கு 32,000 பிட் அளவில் சென்றுகொண்டிருந்த தகவல், திடீரென நொடிக்கு 40 பிட் அளவுக்கு வீழ்ந்தது. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. அனைவரும் ஒரே நேரத்தில் முண்டியடித்ததே காரணம்.

அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டு 1988-இல் வெளியிட்டார். அதன் உட்பொருள் தன்னடக்கம். ஒவ்வொரு கணினியும் தன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே செல்ல வேண்டும். பொட்டலம் ஒன்று இழக்கப்பட்டால், பாதை நிறைந்துவிட்டது என்று பொருள் கொண்டு, தன் வேகத்தை உடனே கணிசமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மீண்டும் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

கூட்டும்போது ஒரே அளவாகக் கூட்டுவது, குறைக்கும்போது பாதியாகக் குறைப்பது என்னும் இந்த வழியில் ஓர் அழகு இருக்கிறது. அதனை 1989-இல் டா-மிங் சியூ, நம் நாட்டில் பிறந்த ராஜ் ஜெயின் ஆகிய இருவரும் கணிதத்தால் நிறுவினார்கள். காகிதமும் பென்சிலும் அருகில் இருந்தால் மாணவர்கள் இப்போதே போட்டுப் பார்க்கலாம். பாதையின் அளவு 10 பங்கு. ஒரு கணினி 8 பங்கும், மற்றொன்று 2 பங்கும் பெற்றிருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6. இரண்டும் ஒவ்வொரு பங்கு கூட்டினால் 9, 3 என்று ஆகும். மொத்தம் 12, பாதை தாங்காது. இரண்டும் பாதியாகக் குறைத்தால் நாலரை, ஒன்றரை என்று ஆகும். இப்போது வேறுபாடு 3. ஒவ்வொன்றாக மூன்று முறை கூட்டினால் ஏழரை, நாலரை. மொத்தம் மீண்டும் 12. மறுபடியும் பாதியாக்கினால் வேறுபாடு ஒன்றரைதான். கூட்டும்போது வேறுபாடு மாறுவதில்லை. குறைக்கும்போது அது பாதியாகிறது. இப்படியே சென்றால் இருவரும் ஏறத்தாழச் சமமான பங்குக்கு வந்துவிடுவார்கள். நடுவர் ஒருவரும் இல்லை. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆயினும் சமன்பாடு தானே பிறக்கிறது. நெருக்கடியில் மிகுதியாக வைத்திருப்பவர் மிகுதியாக விட்டுக்கொடுக்கிறார் என்பதே இதன் இரகசியம்.

பொட்டலம் கீழே விழும் வரை காத்திராமல், நெரிசல் தொடங்கும்போதே ரௌட்டர் ஓர் அடையாளமிட்டு எச்சரித்தால் நன்றல்லவா? கே. கே. ராமகிருஷ்ணன் என்னும் அறிஞர் ராஜ் ஜெயினுடன் சேர்ந்து 1988-இல் இத்தகைய ஒரு முறையை விளக்கினார். பின்னர் சாலி ஃபிளாயிட், டேவிட் பிளாக் ஆகியோருடன் அவர் எழுதிய விதி 2001-இல் இணையத்தின் விதிகளுள் ஒன்றாக வெளியிடப்பட்டது.

ஆனால், நேயர்களே, எல்லோரும் தன்னடக்கம் உடையவர்களாக இருப்பார்கள் என்று நம்பி ஓர் ஊர் வாழ முடியுமா? வாய்க்காலில் முறை தவறுபவர் ஒருவர் இருந்தாலும் பிறர் பொறுமை வீணாகிவிடுகிறது. வலையமைப்பிலும் வேகத்தைக் குறைக்க மறுக்கும் நிரல்கள் உண்டு. ஒரே கோப்பைப் பெறுவதற்குப் பல இணைப்புக்களைத் திறந்துகொண்டு, பல ஆட்கள் போல வேடமிடும் நிரல்களும் உண்டு. ஆகவே மடையிலேயே முறை வைக்க வேண்டிய தேவை எழுந்தது.

1985-இல் ஜான் நேகிள் என்பவர் ஒரு யோசனை கூறினார். வந்தவர் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, வரிசைக்கு ஒரு பொட்டலமாகச் சுற்றி எடுத்து அனுப்பலாம் என்றார். இதனால் ஒருவர் ஆயிரம் பொட்டலங்களைக் கொண்டுவந்து குவித்தாலும் அவருடைய வரிசையே நீளும். அடுத்தவர் வரிசை நீளாது. நல்ல யோசனைதான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவின அல்ல. ஆளுக்கு ஒரு குடம் என்று வைத்தால், பெரிய குடம் கொண்டுவந்தவர் மிகுதியாக எடுத்துச் செல்வார் அல்லவா? இக்குறையை நீக்கும் வழியை 1989-இல் ஆலன் டெமர்ஸ், தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்ற சீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் ஆகிய மூவரும் கண்டனர். குடத்தை எண்ணாமல் துளியை எண்ணுவதுபோல், பொட்டலத்தை எண்ணாமல் பிட்டை எண்ணி, எந்தப் பொட்டலம் எப்போது முடிய வேண்டும் என்று கணக்கிட்டு அனுப்புவது அவர்கள் வகுத்த முறை.

அந்தக் கணக்கு ரௌட்டருக்குப் பெருஞ்சுமையாக இருந்தது. சுமையைக் குறைத்தவர்கள் எம். ஸ்ரீதரும், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜார்ஜ் வர்கீசும். 1995-இல் அவர்கள் வெளியிட்ட முறை மிக எளிது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அளவு வரவு வைக்கப்படும். 500 பைட் என்று கொள்வோம். ஒருவரிடம் 1200 பைட் பொட்டலம் இருக்கிறது. முதற் சுற்றில் 500, இரண்டாம் சுற்றில் 1000, இரண்டும் போதா. மூன்றாம் சுற்றில் 1500 சேர்கிறது, பொட்டலம் செல்கிறது, மிச்சம் 300. மற்றொருவரிடம் 400 பைட் பொட்டலங்கள் இருக்கின்றன. அவர் சுற்றுக்கு ஒன்றாக அனுப்புகிறார். மூன்று சுற்று முடிவில் அவர் அனுப்பியதும் 1200, கையிருப்பும் 300. இருவருக்கும் ஒரே கணக்கு! செலவழிக்காத வரவு வீணாகாமல் அடுத்த சுற்றுக்குச் செல்வதால் நியாயம் நிலைக்கிறது. பற்று வரவு எழுதத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் இதைப் புரிந்துகொள்வார்.

நியாயம் என்றேன். நியாயமான பங்கு என்றால் என்ன என்று சற்றே நின்று கேட்க வேண்டும். பாதையில் 10 பங்கு உண்டு, நால்வர் கேட்கிறார்கள். ஒருவருக்கு 1 போதும், மற்றொருவருக்கு 2, மூன்றாமவருக்கு 4, நான்காமவருக்கு 8. சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை. ஆனால் முதல் இருவருக்கும் அவ்வளவு தேவையில்லை. அவர்கள் கேட்ட 1-ஐயும் 2-ஐயும் கொடுத்துவிட்டால் மீதி 7. அதை மற்ற இருவருக்கும் மூன்றரை மூன்றரையாகக் கொடுக்கலாம். சிறிய தேவையுடையவர் முழுதும் நிறைவு பெறுகிறார். பெரிய தேவையுடையவர்கள் மீதியைச் சமமாகப் பெறுகிறார்கள். ஒருவருக்கு இன்னும் மிகுதியாகக் கொடுக்க வேண்டுமானால், அவரைவிட மிகுதியாகப் பெறாத ஒருவரிடமிருந்துதான் பறிக்க வேண்டும் என்னும் நிலை வந்துவிட்டது. இந்த நிலையையே வலையமைப்பு நூல்கள் நியாயத்தின் முதல் இலக்கணமாகக் கொள்கின்றன.

இதுவரை நான் வாய்க்காலையும் வலையமைப்பையும் ஒன்றாகவே பேசினேன். இரண்டும் வேறுபடும் இடங்களும் உள்ளன. அவற்றை உணராமல் உவமையை நம்பினால் வழி தவறிவிடுவோம்.

முதல் வேறுபாடு இது. பிளவக்கல்லில் இன்று மதகை மூடினால் நாளைக்கு நீர் மிஞ்சும். வலையமைப்பில் இந்த நொடியில் பயன்படாத அகலம் அடுத்த நொடிக்கு மிஞ்சாது. அது கடலில் கலந்த வெள்ளத்தைப் போன்றது. ஆகையால் ஒருவர் பங்கை அவர் பயன்படுத்தாதபோது பூட்டி வைப்பதில் பொருளில்லை. உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் முன்னே சொன்ன சுற்று முறையில், பொட்டலம் இல்லாத வரிசையை ரௌட்டர் தாண்டிச் சென்றுவிடுகிறது. நள்ளிரவில் ஒருவர் பெரிய கோப்பைப் பெற்றால் எவருக்கும் இழப்பில்லை. காலை பத்து மணிக்கு அதையே செய்தால் பலருக்கு இடையூறு. அளவைவிட நேரமே இங்கே பெரிது.

இரண்டாம் வேறுபாடு இன்னும் வியப்பானது. கண்மாயைத் தூர்வாரி ஆழப்படுத்தினால் நன்மை; மிகுதியான நீர் தங்கும். ரௌட்டரின் வரிசையை நீட்டினால் தீமை! ஏன்? கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் பாதை. 1500 பைட் அளவுள்ள பொட்டலம். பைட்டுக்கு 8 பிட். ஆக, பொட்டலத்திற்கு 12,000 பிட். ஒரு பொட்டலம் வெளியேற ஒன்றேகால் மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. துல்லியமாகச் சொன்னால் 1.2 மில்லிநொடி. வரிசையில் ஆயிரம் பொட்டலங்கள் நின்றால், புதிதாக வந்த பொட்டலம் 1.2 நொடி காத்திருக்க வேண்டும். கோப்பு ஒன்றைப் பெறுபவருக்கு இது பெரிதன்று. ஆனால் தொலைவிலிருந்து பாடம் கேட்கும் மாணவிக்கு? ஒருவர் சொல் மற்றவர் செவியை 150 மில்லிநொடிக்குள் அடைந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. ஒரு நொடிக்கு மேல் தாமதமானால் ஆசிரியர் கேள்வி கேட்பார். மாணவி விடை சொல்வாள். அந்த விடை வந்து சேர்வதற்குள் ஆசிரியர் அடுத்தவரைக் கேட்டுவிட்டிருப்பார்.

இந்தத் தீமை வெளிப்படையாகத் தெரியாமலே நெடுங்காலம் இருந்தது. பொட்டலம் இழப்பது குற்றம் என்று எண்ணி, கருவி செய்வோர் வரிசையை மேலும் மேலும் நீட்டினார்கள். 2010-ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர் தம் வீட்டு இணைப்பிலேயே இக்கோளாறைக் கண்டு உலகுக்கு உணர்த்தினார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும், நாம் முன்பு பார்த்த வான் ஜேக்கப்சனும் ஒரு மருந்து கண்டனர். வரிசையில் எத்தனை பொட்டலங்கள் நிற்கின்றன என்று பார்க்காமல், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்று பாருங்கள். தாமதம் 5 மில்லிநொடிக்கு மேல் நீடித்தால் சில பொட்டலங்களை எறிந்து அனுப்புவோரை எச்சரியுங்கள் என்பது அந்த மருந்து. இதனையும் தனி வரிசை முறையையும் இணைத்த ஓர் ஏற்பாடு 2018-இல் இணைய ஆவணமாக வெளிவந்தது. வீட்டில் வைக்கும் ரௌட்டர்கள் சிலவற்றில் இந்த வசதி இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எல்லோருடைய தேவையும் ஒரே வகையானதன்று. பேச்சுக்கு வேண்டியது மிகக் குறைவான அகலம். நொடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் பாதையில் ஒருவர் குரலுக்கு நூறில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆனால் அது காலந்தவறாமல் வர வேண்டும். திரைப்படத்திற்கு மிகுதியான அகலம் வேண்டும்; சற்றுத் தாமதித்தாலும் குற்றமில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்து வெளியூருக்கு அனுப்புவோரின் கடிதமும் கணக்கும் ஒரு நிமிடம் பிந்தினாலும் ஓர் எழுத்தும் தவறக்கூடாது. நாற்றங்காலுக்கும் தென்னந்தோப்புக்கும் நீர் பாய்ச்சும் வேளை ஒன்றாக இருப்பதில்லையே! ஒவ்வொன்றின் தேவையையும் அறிந்து அதற்கேற்ற பணியை உறுதி செய்வதைத்தான் பணித்தரம் பேணுதல் என்கிறோம். 1998-இல் வகுக்கப்பட்ட ஒரு முறைப்படி, ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் 6 பிட் அளவில் அதன் வகையைக் குறிக்கலாம். அவசரமானது என்று குறித்த பொட்டலம் முன்னே செல்லும்.

உடனே ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொருவரும் தம்முடையதே அவசரம் என்று குறித்துக்கொண்டால்? எல்லோரும் முதல் வகுப்பில் ஏறினால் முதல் வகுப்பு என்பதே இல்லை. ஆகையால் வலையமைப்பின் எல்லையில் நிற்கும் கருவி, அவசரம் என்று வருபவை இன்ன அளவுக்கு மேற்படக்கூடாது என்று அளந்து விடுகிறது. சலுகைக்கு எல்லை வகுக்காவிட்டால் சலுகை கொள்ளையாகிவிடும்.

இங்கேதான் பொறியியல் முடிந்து பொது வாழ்வு தொடங்குகிறது. எது அவசரம் என்று முடிவு செய்பவர் யார்? குரலுக்கு முன்னுரிமை, கோப்புக்குப் பின்னுரிமை என்று வகையைப் பார்த்து வகுப்பது ஒன்று. இன்ன நிறுவனம் பணம் கொடுத்தது, ஆகவே அதன் பொட்டலம் முன்னே செல்லட்டும் என்று ஆளைப் பார்த்து வகுப்பது வேறொன்று. முன்னது நீர்க்கட்டியின் கடமை; பின்னது அவர் கையூட்டு வாங்குவதற்கு ஒப்பு. இந்தியாவில் இவ்வழக்கு பெரிதாக எழுந்தபோது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரி 8 அன்று ஒரு விதி பிறப்பித்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்தக் கூடாது என்பது அவ்விதி. 2017 நவம்பரில், பொட்டலங்களிடையே பாகுபாடு காட்டலாகாது என்றும், நியாயமான நெரிசல் மேலாண்மைக்குத் தடையில்லை என்றும் அது பரிந்துரைத்தது. 2018-இல் மத்திய அரசு அதனை ஏற்றது. பங்கிடுவதற்கு உரிமை உண்டு. பாரபட்சத்திற்கு உரிமை இல்லை என்பதே இதன் சாரம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. சமபங்கு என்றால் யாருக்குச் சமம்? இணைப்புக்குச் சமமா, கணினிக்குச் சமமா, வீட்டுக்குச் சமமா, ஊருக்குச் சமமா? வாய்க்காலிலும் இதே கேள்வி இருந்தது. ஏக்கருக்கு இத்தனை என்றால் பெருநிலக்காரருக்கு மிகுதி. குடும்பத்திற்கு இத்தனை என்றால் கணக்கே மாறும். இதற்கான விடையை எந்தக் கருவியும் சொல்லாது. மக்கள் கூடிப் பேசி முடிவு செய்த விடையைத்தான் கருவி நிறைவேற்றும். பொறியியல் படிக்கும் மாணவர்கள் இதை மறந்துவிடலாகாது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, அலுவலகங்கள் வீட்டுக்கு வந்தன, கேளிக்கையும் வீட்டுக்கு வந்தது. பாதையோ முன்பு இருந்த பாதைதான். அப்போது படக்காட்சி நிறுவனங்கள் பல ஒன்றுகூடி, கைப்பேசி வலையமைப்பில் தம் காட்சிகளின் தெளிவைச் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்ள முன்வந்தன. படம் சற்று மங்கினால் பார்ப்பவருக்குப் பெரிய இழப்பில்லை. அந்த இடைவெளியில் ஒரு மருத்துவரின் பேச்சோ, ஓர் ஆசிரியரின் பாடமோ செல்ல முடியும். நெருக்கடியில் தலைமடைக்காரர் தம் மடையைச் சற்றே தாழ்த்திய நிகழ்ச்சி என்று இதைக் கூறலாம்.

ஆனால் அந்நாளில் கடைமடை எங்கே இருந்தது? மலையடிவாரச் சிற்றூர்களில், அலை எட்டாத இடங்களில், வீட்டில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய குடும்பங்களில் இருந்தது. எத்தனை நுட்பமான பங்கீடும் அவர்களுக்கு உதவவில்லை. ஏனெனில் அவர்கள் வரிசைக்கே வந்து சேரவில்லை. வாய்க்கால் வெட்டப்படாத நிலத்திற்கு முறை நாள் ஒதுக்கி என்ன பயன்? நியாயமான பங்கீடு பஞ்சத்தின் கொடுமையைக் குறைக்கும், பஞ்சத்தைப் போக்காது. பஞ்சத்தைப் போக்க வேண்டுமானால் வாய்க்கால் வெட்ட வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க வகுக்கப்பட்ட திட்டம் அத்தகைய வாய்க்கால்தான். வாய்க்கால் ஊர் எல்லை வரை வந்தால் போதாது. வயல் வரை வர வேண்டும் என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் வானொலிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒருவர் கேட்டாலும் ஓர் இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்திலிருந்து புறப்படும் அலை ஒன்றே. நீங்கள் கேட்பதால் அடுத்த வீட்டாரின் பங்கு குறைவதில்லை. மழை எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் பெய்வதுபோல் அது பொழிகிறது. ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டரசு கல்வித் தொலைக்காட்சியின் வழியாகப் பாடங்களை ஒளிபரப்பியதன் சிறப்பும் இதுவே. ஆனால் மழையிடம் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தால் இந்தப் பெட்டி விடை சொல்லாது. இருவழிப் பேச்சு வேண்டுமானால் வாய்க்கால்தான் வேண்டும். வாய்க்கால் வேண்டுமானால் பங்கீடும் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நீங்களே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறேன். உங்கள் கல்லூரிக் கணினிக்கூடத்தில் பிங் என்னும் கட்டளையைக் கொடுத்து, ஒரு பொட்டலம் போய்வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நண்பர் ஒருவரைப் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பச் சொல்லி மீண்டும் அளந்து பாருங்கள். எண் சிறிதே உயர்ந்தால் உங்கள் ரௌட்டர் நல்ல நீர்க்கட்டி. பன்மடங்கு உயர்ந்தால் அங்கே முறை வைக்கப்படவில்லை என்று பொருள். காரணத்தைத் தேடுங்கள், உங்கள் ஆசிரியருடன் பேசுங்கள், அமைப்பை மாற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். நூலில் படித்த பத்துப் பக்கங்களைவிட இந்த மூன்று எண்கள் உங்களுக்கு மிகுதியாகக் கற்பிக்கும்.

பாடம் கேட்கும்போது தேவையில்லாத காட்சியை நிறுத்திவைப்பதும், பெரிய கோப்புக்களை இரவில் பெற்றுக்கொள்வதும் சிறு செயல்கள்தாம். ஆயினும் நாற்பது கணினிகள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும் கூடத்தில் அவற்றின் பயன் சிறிதன்று. உங்களுள் சிலர் நாளை வலையமைப்புக்களை அமைக்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். அப்போது உங்கள் முன் ஒரு திரையும், அதில் சில எண்களும் மட்டுமே இருக்கும். எந்த வரிசைக்கு எவ்வளவு வரவு என்று நீங்கள் எழுதும் எண், எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு மாணவியின் குரல் ஆசிரியரை எட்டுமா எட்டாதா என்பதை முடிவு செய்யும். வலையமைப்பு நன்றாக நடக்கிறதா என்று அறிய விரும்பினால், தலைமடையில் நின்று பார்க்காதீர்கள். அங்கே எப்போதும் பசுமையாகத்தான் இருக்கும். கடைமடைக்குப் போய்ப் பாருங்கள்.